ராகுல்ஜி கண்ட ரஷ்ய மக்கள்

தமிழ் வாசகர் உலகில் ராகுல சாங்கிருத்தியாயன் என்னும் பெயர் பெரும்பாலும் ஒரே நூலோடு பிணைந்து நிற்கிறது. கண. முத்தையா மொழிபெயர்த்து 1949இல் தமிழ்ப் புத்தகாலயத்தின் வழியே வந்த 'வால்கா முதல் கங்கை வரை' என்பதே அந்நூல். கி.மு. 6000இல் வால்கா நதிக்கரையில் தொடங்கி 1942இல் இந்திய மண்ணில் முடியும் இருபது கதைகளால் மனித குலத்தின் நெடும்பயணத்தைச் சொன்ன அந்த நூல், நம் எழுத்தாளர்கள் பலருக்கு வரலாற்றைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது. அதை எழுதியவர் வரலாற்றை நூல்களில் மட்டும் கற்றவர் அல்லர், கால்களாலும் கற்றவர். ரஷ்ய மண்ணுக்குத் தனி ஒருவராக மும்முறை சென்றவர். மூன்றாம் முறை அங்கே 25 மாதங்கள் குடியிருந்து, அந்த அனுபவத்தை 'ரஷ்யாவில் இருபத்தைந்து மாதங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் இந்தியில் நூலாக எழுதியவர். அவர் வாழ்க்கையின் இந்தப் பகுதி நம்மிடையே குறைவாகவே பேசப்பட்டுள்ளது.

காரவள்ளி அடிவாரத்தில் நின்று கொல்லிமலையை அண்ணாந்து நோக்குவோர்க்குப் பயணமும் இலக்கியமும் வேறுவேறல்ல. வல்வில் ஓரியை நாடிப் பாணரும் புலவரும் நடந்து வந்த மலை இது. ஓரியிடம் பரிசில் பெற்ற பாணர் கூட்டத்தின் வியப்பை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இடம் பெற்றிருக்கிறது. மலைமேல் வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற கதையை வாய்வழியே காத்து வந்திருக்கின்றனர். இன்று காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிவிடுகிறது. அந்தச் சாலை வருவதற்கு முன் இம்மலையை அறிந்தவர்கள் எல்லாரும் நடந்தே அறிந்தார்கள். தான் கண்ட வளத்தை இன்னும் காணாத ஒருவனுக்குச் சொல்லி அவனை வழிப்படுத்துவதை நம் முன்னோர் ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகையாகவே வகுத்தனர். ராகுல்ஜியின் பயண நூல்களை அந்த மரபில் வைத்துப் பார்த்தால் அவற்றின் தகுதி தெளிவாகும். அவற்றின் குறையும் தெளிவாகும்.

1893 ஏப்ரல் 9ஆம் நாள் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கட் மாவட்டத்தில், பந்தஹா என்னும் சிற்றூரில், தாயின் பிறந்த வீட்டில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேதார்நாத் பாண்டே. படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாய்வழிப் பாட்டனார் தம் தென்னாட்டு அனுபவங்களைக் கதை கதையாகச் சொல்லிப் பேரனை வளர்த்தார். பள்ளியில் படித்த உருதுப் பாட நூலில் உலகைச் சுற்றிப் பார்க்கத் தூண்டும் ஈரடிக் கவிதை ஒன்று இருந்தது. அந்த இரண்டு அடிகளே தம் வாழ்வைத் திசை திருப்பியதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். ஒரு சிறு கவிதை ஒரு மனிதனை வீட்டைவிட்டு வெளியேற்றி ஆசியா முழுதும் நடக்க வைத்தது என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

பதினொரு வயதில் அவருக்குத் திருமணம் செய்து வைத்தனர். தம் விருப்பமின்றி நடந்த அத்திருமணத்தை அவர் என்றும் ஏற்கவில்லை. ஓடிப்போவதும் திரும்புவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. பின்னர், ஐம்பது வயது நிறையும்வரை ஆசம்கட் மாவட்டத்தின் எல்லையை மிதிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1943 வரை அதைக் காத்தார். அந்த உறுதியின் பெருமையைப் பலரும் பேசியுள்ளனர். ஆனால் அவர் ஏற்காத அந்தத் திருமணத்தில் இன்னொரு குழந்தையும் இருந்தாள். அவளுக்கு ஓடிப்போகும் வழி இருக்கவில்லை.

பீகாரின் பர்சா மடத்தில் வைணவத் துறவியாகச் சேர்ந்து ராம் உதார் தாஸ் என்று பெயர் பூண்ட அந்த இளைஞர், 1913இல் தமிழகம் வந்தார். திருமழிசை ஆழ்வார் பிறந்த திருமழிசையில் மடம் ஒன்றில் தங்கி வைணவ நூல்களைக் கற்றார். அடுத்து ஆரிய சமாஜத்தை நாடினார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1927இல் இலங்கை சென்று களனியின் வித்யாலங்காரப் பிரிவெனாவில் வடமொழி கற்பித்துப் பாலி கற்றார். 1930இல் அங்கேயே பௌத்தத் துறவியாகி ராகுல சாங்கிருத்தியாயன் ஆனார். ஒவ்வொரு நம்பிக்கையையும் அதன் மூல நூல்களைக் கற்று உள்ளிருந்தே ஆராய்வதும், அது போதாது எனத் தோன்றினால் தயங்காமல் கடந்து செல்வதும் அவர் இயல்பாக இருந்தன.

அவரை ரஷ்யாவுக்கு அழைத்துச் சென்றது அரசியல் மட்டுமன்று, பனை ஓலையும்தான். இந்தியாவில் எழுதப்பட்ட பௌத்தத் தருக்க நூல்கள் பலவற்றின் வடமொழி மூலங்கள் இங்கே அழிந்துவிட்டன. திபெத்திய மொழிபெயர்ப்புகள் மட்டும் எஞ்சின. அந்த மொழிபெயர்ப்புகளைக் கொண்டு தர்மகீர்த்தி முதலியோரின் சிந்தனையை மீட்டெடுத்தவர் லெனின்கிராடைச் சேர்ந்த அறிஞர் பியோதர் ஷெர்பாட்ஸ்கி. 'பௌத்தத் தருக்கம்' என்ற அவருடைய இரு தொகுதிகள் 1930க்கும் 1932க்கும் இடையில் வெளிவந்தன. அதே காலத்தில் ராகுல்ஜி திபெத்துக்குள் நுழைந்து நூல்களையும் திரைச்சீலை ஓவியங்களையும் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றிக் கொண்டுவந்தார். 1929க்கும் 1938க்கும் இடையே நான்கு முறை திபெத் சென்ற அவர், சாக்யா, ஙோர், ஷலு முதலிய மடங்களில் அழிந்ததாகக் கருதப்பட்ட வடமொழிச் சுவடிகளைக் கண்டெடுத்தார். தர்மகீர்த்தியின் 'பிரமாண வார்த்திகம்' அவற்றுள் முதன்மையானது. லெனின்கிராடில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அனுமானித்த மூலம், திபெத்தில் இன்னொருவர் கையில் கிடைத்தது. இருவரும் சந்திப்பது இயல்பாயிற்று.

1935இல் ஜப்பான், கொரியா, மஞ்சூரியா வழியாகச் சைபீரிய ரயிலில் ஏறி, மாஸ்கோவைப் பார்த்து, பாகு வழியாக ஈரானுக்குக் கடந்தது முதல் பயணம். ரஷ்ய மண்ணை அவர் அப்போது பெரும்பாலும் ரயில் சாளரத்தின் வழியே கண்டார். 1937 இறுதியில் ஷெர்பாட்ஸ்கியின் அழைப்பின்பேரில் லெனின்கிராட் சென்றது இரண்டாம் பயணம். அங்கே திபெத்திய, மங்கோலிய மொழிகளை அறிந்த எலெனா நர்வெர்தோவ்னா கொஸெரோவ்ஸ்கயாவைச் சந்தித்தார். லோலா என அழைக்கப்பட்ட அவரை மணந்தார். ஆனால் 1938 தொடக்கத்திலேயே இந்தியா திரும்பி, அவ்வாண்டே நான்காம் முறையாகத் திபெத் சென்றார். 1938 செப்டம்பரில் லெனின்கிராடில் மகன் பிறந்தான். அவனுக்கு இகோர் என்று பெயர். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்குவதுபோல் ரஷ்யர்கள் தந்தையின் முழுப்பெயரையே தம் பெயரோடு சேர்ப்பர். ஆகவே அந்தக் குழந்தை இகோர் ராகுலோவிச் ஆனான். தந்தை அருகில் இல்லாத வீட்டில் தந்தையின் பெயர் நாள்தோறும் ஒலித்தது.

இரண்டாம் பயணம் நிகழ்ந்த 1937ஆம் ஆண்டைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவை பல. ஷெர்பாட்ஸ்கியின் மாணவரும் திபெத்தியவியல் அறிஞருமான அந்திரேய் வோஸ்திரிகோவ் அவ்வாண்டு செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, அந்நகரில் தமிழ் கற்பித்து, 1929இல் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் வெளியிட்ட அலெக்சாந்தர் மெர்வார்த் 1930இல் கைதாகி, 1932இல் தண்டனை முகாமில் மாண்டார். ராகுல்ஜி 1938இல் எழுதிய 'சோவியத் பூமி' என்னும் நூல் ஒரு புதிய சமுதாயத்தைக் கண்ட மகிழ்ச்சியால் நிறைந்தது. உழவர் குழந்தை படிப்பதையும், பெண் ஆணுக்கு நிகராகப் பணி செய்வதையும் கண்டபோது, சாதியாலும் நிலவுடைமையாலும் நசுங்கிய பீகார் உழவரை அறிந்த ஒருவர் நெகிழ்ந்தது இயல்பே. எனினும் அதே நகரின் கீழ்த்திசை ஆய்வறைகளில் சில நாற்காலிகள் காலியாகிக் கொண்டிருந்தன. அந்நூலை இன்று படிப்பவர் அந்த நாற்காலிகளையும் நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

இந்தியா திரும்பிய ராகுல்ஜி தாம் கண்ட கனவுக்கு இங்கே விலை கொடுத்தார். 1939இல் பீகாரின் அம்வாரி உழவர் போராட்டத்தில் நிலக்கிழாரின் ஆட்களால் தலையில் அடிபட்டுச் சிறை சென்றார். 1940 முதல் 1942 வரை ஹஜாரிபாக், தேவ்லி ஆகிய இடங்களில் சிறையிருந்தார். வால்காவின் கரையில் தொடங்கும் அந்த இருபது கதைகளும் ஹஜாரிபாக் சிறையில் எழுதப்பட்டவை. பல ஆயிரம் ஆண்டு நடையைச் சொல்லும் நூல் நடக்க முடியாத இடத்தில் பிறந்தது.

1944 இறுதியில் மூன்றாம் பயணம் தொடங்கியது. போர் முடியாத காலம். சோவியத் நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் டெஹ்ரானில் மாதக்கணக்கில் காத்திருந்தார். 1945 ஜூனில் அவர் லெனின்கிராடை அடைந்தபோது, அது 872 நாள் முற்றுகையைத் தாங்கி எழுந்து நின்ற நகரம். அம்முற்றுகையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர், பெரும்பாலோர் பசியால். 1941 குளிர்காலத்தில் உழைப்பாளர் அல்லாதவர்க்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். ஷெர்பாட்ஸ்கி 1942இல் கசாக்ஸ்தானில் காலமாகிவிட்டார். லோலாவும் இகோரும் போரைக் கடந்து உயிர் பிழைத்திருந்தனர். ஏழு வயதை எட்டும் நிலையில் இருந்த மகனைத் தந்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

இந்தியாவிலிருந்து சோவியத் நாடு சென்ற புகழ்பெற்றோர் பலர். 1927இல் ஜவாஹர்லால் நேரு புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்குச் சென்றார். 1930இல் இரவீந்திரநாத் தாகூர் சென்று கடிதங்கள் எழுதினார். 1932இல் பெரியார் எஸ். இராமநாதனுடன் சென்று வந்தார். இவர்கள் எல்லாரும் கூர்ந்த கண் உடையவர்கள். கண்டதை நேர்மையாகச் சொன்னவர்கள். ஆயினும் இவர்கள் சென்று திரும்பிய விருந்தினர். விருந்தினர்க்கு வீட்டின் முன்கட்டு திறக்கும். அடுக்களைக்குள் வருவதற்கு அந்த வீட்டில் வாழ வேண்டும். மூன்றாம் பயணத்தில் ராகுல்ஜி அடுக்களை வரை சென்றவர். லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர். பங்கீட்டு அட்டை வைத்திருந்த குடும்பத் தலைவர். பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தந்தை. துளசிதாசரின் இராமாயணத்தை ரஷ்ய மொழியில் பெயர்த்த பரான்னிகோவ் அங்கே இந்தியவியல் துறையின் முன்னோடியாக விளங்கினார். ராகுல்ஜி வகுப்பறையில் சந்தித்தது போரில் உற்றாரை இழந்து வந்த இளைஞர்களை. 1946இல் வறட்சியும் அதைத் தொடர்ந்து பஞ்சமும் சோவியத் நாட்டைத் தாக்கின. பங்கீட்டு முறை 1947 டிசம்பரில்தான் நீங்கியது. அவர் அங்கிருந்த காலம் முழுவதும் அம்மக்கள் அளந்து உண்ட காலமாகும்.

அந்த இருபத்தைந்து மாத நூலின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. முன்னைய நூலில் சமுதாய அமைப்பு பெரிதாக நின்றது. இதில் வீடும் தெருவும் வகுப்பறையும் நிற்கின்றன. இடிந்த கட்டடங்களுக்கிடையே வாழ்வை மீண்டும் தொடங்கும் ஆண்களும் பெண்களும், பொருள் தட்டுப்பாட்டுக்கு நடுவே நாடக அரங்கையும் நூலகத்தையும் கைவிடாத நகரத்தார் அதில் வருகின்றனர். மாலை வேளைகளில் நூலகங்களில் அமர்ந்து மத்திய ஆசியாவைப் பற்றி அவர் திரட்டிய குறிப்புகள் பின்னர் 'மத்திய ஆசியாவின் வரலாறு' என்ற பெருநூலாக விரிந்தன. அந்நூலுக்கு 1958இல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது.

அதே லெனின்கிராடில், அவர் கற்பித்துக் கொண்டிருந்த 1946 ஆகஸ்டில், கவிஞர் அன்னா அக்மாதொவாவும் எழுத்தாளர் சோஷ்சென்கோவும் கட்சித் தீர்மானத்தால் கண்டிக்கப்பட்டு எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டனர். அக்மாதொவாவின் கவிதைகளைத் தோழியர் சிலர் தாளில் வைத்திருக்க அஞ்சி மனப்பாடமாகக் காத்துவந்த காலம் அது. சிறை வாசலில் வரிசையில் நின்ற மக்களின் துயரத்தை எழுதிய கவிஞருக்கும், அதே மக்களோடு வாழ்ந்து எழுதிய பயணிக்கும் இடையே நகரம் ஒன்றாக இருந்தது. உரிமை ஒன்றாக இருக்கவில்லை. ஒருவர் கப்பல் ஏறி வெளியேற முடியும், மற்றவர் முடியாது. பயண இலக்கியம் எழுதுவோர் எல்லாருக்கும் இந்த வேறுபாடு ஒரு கடமையைச் சுமத்துகிறது.

1947 பிப்ரவரியில் சோவியத் குடிமக்கள் வெளிநாட்டாரை மணப்பதைத் தடை செய்யும் ஆணை பிறந்தது. முன்னரே மணந்திருந்த குடும்பங்களுக்கும் எல்லை தாண்டுதல் எளிதன்று. அவ்வாண்டு ஜூலையில் ராகுல்ஜி தனியே புறப்பட்டார். இங்கிலாந்து வழியாக ஆகஸ்டில், விடுதலை பெற்ற சில நாட்களுக்குள், பம்பாய் வந்து சேர்ந்தார். லோலாவும் இகோரும் லெனின்கிராடில் தங்கினர். அவர்களோடு மீண்டும் வாழும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. மொழியும் நூலும் எழுத வேண்டிய பணியும் அவரைத் தாய்நாட்டுக்கு இழுத்தன என்பது உண்மை. ஒன்பது வயது நிறையாத ஒரு மகன் இரண்டாம் முறையாகத் தந்தையை இழந்தான் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது வரலாறு ஆகாது.

1947 டிசம்பரில் பம்பாயில் நடந்த இந்தி சாகித்திய சம்மேளனத்துக்கு அவர் தலைமை தாங்கி ஆற்றிய உரை, மொழி குறித்தும் இந்திய முஸ்லிம்களின் பண்பாடு குறித்தும் கம்யூனிஸ்ட் கட்சியின் நிலைக்கு மாறாக இருந்தது. அதனால் கட்சியிலிருந்து விலக நேர்ந்தது. 1955இல் மீண்டும் சேர்ந்தார். இந்தியே நாட்டின் பொதுமொழியாக வேண்டும் என்ற அவருடைய நிலையைத் தமிழர் ஏற்பதற்கில்லை. அதே மனிதர் போஜ்புரியில் நாடகங்கள் எழுதினார் என்பதும், மக்கள் தத்தம் தாய்மொழியிலேயே கற்க வேண்டும் என வாதாடினார் என்பதும் உடன் சொல்லப்பட வேண்டும்.

ரஷ்யாவிலிருந்து திரும்பியபின் அவர் எழுதிய நூல்களுள் 'ஊர்சுற்றிப் புராணம்' எனத் தமிழில் வந்திருப்பது தனித்தன்மை உடையது. ஊர் சுற்றுவதை ஒரு சாத்திரமாகவே வகுக்கும் நூல் அது. தளைகளை அறுப்பது, தன் கையை நம்புவது, கைத்தொழிலும் கலையும் கற்றுக்கொள்வது, பின்தங்கிய மக்களிடையே வாழ்வது, சாவை எண்ணி அஞ்சாதிருப்பது எனப் பகுதி பகுதியாக அறிவுரை செல்கிறது. பெண்களும் ஊர் சுற்ற வேண்டும் எனத் தனி இயலே உண்டு. காதலுக்கும் ஓர் இயல் உண்டு. பயணிக்கு அதனால் வரும் கட்டுகளை அது எச்சரிக்கிறது. லெனின்கிராடில் மனைவியையும் மகனையும் விட்டுவந்த சில காலத்துக்குள் எழுதப்பட்டது என்பதை அறிந்தவர்க்கு அந்த இயல் வேறு குரலில் கேட்கும். சாத்திரம் சொல்பவர் தம் புண்ணைத் தடவிக்கொண்டே சொல்கிறார் என்று தோன்றும்.

பிற்காலத்தில் முசூரியில் குடியமர்ந்து, கமலாவை மணந்து, ஜயா, ஜேதா என இரு மக்களைப் பெற்றார். 1959இல் மீண்டும் இலங்கை சென்று வித்யாலங்காரப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார். 1961 டிசம்பரில் நோய் தாக்கி நினைவு அழிந்தது. பன்மொழிப் புலவர் என அறிஞர் உலகம் போற்றியவர், நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர், எழுத்தையும் சொல்லையும் இழந்தார். 1962இல் சிகிச்சைக்காக மாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தனியே நடந்து பழகிய நாட்டுக்குப் பிறர் கைத்தாங்கலில் சென்ற அந்தப் பயணமே இறுதியானது. பயனின்றித் திரும்பி, 1963 ஏப்ரல் 14ஆம் நாள் டார்ஜிலிங்கில் மறைந்தார். அவ்வாண்டுதான் பத்ம பூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அவர் சுமந்து வந்த சுவடிகளும் ஓவியங்களும் பாட்னாவில் காக்கப்படுகின்றன.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் ராகுல்ஜியிடம் பெறத்தக்கவை இரண்டு. ஒரு மக்களை அறிய வேண்டுமாயின் அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் உணவை உண்டு, அவர்களுக்குப் பயன்படும் தொழில் ஒன்றைச் செய்து, அவர்களிடையே குடியிருக்க வேண்டும். இது அவர் வாழ்ந்து காட்டியது. கொல்லிமலை மக்களைப் பற்றி எழுத விரும்புவோர்க்கும் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் வழி இதுவே. மற்றொன்று அவர் வாழ்விலிருந்து நாமே கற்க வேண்டியது. பயணி திரும்பி விடுவான். அவன் எழுதிய மக்கள் அங்கேயே இருப்பார்கள். வழிகாட்டும் பாணன் வள்ளலின் கொடையைப் பாடினால் போதாது. அவ்வூரில் வாய் திறக்க முடியாதிருப்போர் யார், பின்தங்கி நின்றவர் யார் என்பதையும் அடுத்து வருபவனுக்குச் சொல்லியாக வேண்டும்.